குருளையும் பந்தும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாய்க்குட்டியின் விளையாட்டுப் பொருள்: ஒரு வரலாற்று நோக்கு

தொல்காப்பியனார் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பதை வகுத்துக் கூறுகின்றார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. அவற்றுள் குருளை என்னும் பெயரை நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் உரியதாக்குகின்றார். குட்டி என்றும் பறழ் என்றும் வழங்குதலையும் அவர் விலக்கவில்லை. இலக்கணம் நாய்க்குட்டியைப் புலிக்குட்டியோடு ஒருங்கு வைத்தது. வீடோ அதனைக் குழந்தையோடு ஒருங்கு வைத்தது. குருளையின் வாழ்க்கை முழுவதும் இவ்விரு நிலைக்கும் இடையில் நிகழ்வது எனலாம். பல்லைப் பயன்படுத்தும் பழக்கம் காட்டிலிருந்து வந்தது. எதன்மீது பயன்படுத்தலாம், எதன்மீது கூடாது என்னும் அறிவு வீட்டிலிருந்து வரவேண்டும். அவ்வறிவைப் புகட்டும் முதற் கருவி விளையாட்டுப் பொருளே.

குழந்தையின் விளையாட்டுப் பொருள்களைச் சங்க நூல்கள் பேசுகின்றன. சிறுவர் உருட்டிய சிறுதேரும் சிறுமியர் ஆடிய பந்தும் கழங்கும் தமிழாசிரியர் நன்கு அறிந்தவை. குருளையின் விளையாட்டுப் பொருளைப் புலவர் எவரும் பாடுபொருளாக எடுத்துக்கொண்டிலர். எனினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. நெகிரி செம்பிலான் தோட்டங்களைப் பொறுத்தவரை அவ்வரலாறு பால் மரத்தோடு பின்னிக் கிடக்கின்றது. உலகெங்கும் நாய்கள் கவ்வி ஓடிய பந்துகளுக்கு மூலப்பொருளை ஈந்த தோட்டங்களில், நாய்க்குட்டிகள் கடித்து விளையாடியவை எவை? அவற்றால் விளைந்த கேடு யாது? அவ்வனுபவத்திலிருந்து இன்று குருளை வளர்ப்போர் கொள்ளத்தக்கது யாது? இவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தொடர்பு

நாயை மனிதன் பயன் கருதி மட்டும் வளர்த்தான் என்பது முழு உண்மையன்று. ஜெர்மனி நாட்டில் பான் நகரையடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டில் ஒரு பழம் புதைகுழி வெளிப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களோடு ஓர் இளம் நாயும் இருந்தமை அறியப்பட்டது. அந்நாயின் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள், அது ஏழு மாத அளவில் இறந்தது என்றும், இறப்பதற்கு முன் கடுநோயுற்றிருந்தது என்றும், மனிதர் பேணியிராவிடின் அத்தனை நாள் உயிர் தாங்கியிராது என்றும் முடிவு கண்டனர். வேட்டைக்கு உதவாத ஒரு நோயாளிக் குருளையை அக்கால மக்கள் காத்தனர். இறந்தபின் தம்மவரோடு அடக்கினர்.

தமிழகத்திலும் இதற்கு இணையான சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பெற்ற அக்கல்லில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்து, தலைவனை விட்டகலாது நின்றமையைக் கல்வெட்டு கூறுகின்றது. கடிக்க வேண்டிய இடத்தில் கடித்ததாலன்றோ ஒரு நாய்க்குக் கல் எழுந்தது! கடிக்கக் கூடாத இடத்தில் கடித்த நாய்களின் முடிவு வேறு. அது பின்னர்க் கூறப்படும்.

பால் மரம் வந்த வழி

தோட்டத்து நாயை அறியத் தோட்டத்தை அறிதல் வேண்டும். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை ஏறக்குறைய 2,700. அந்நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்திற்குக் கேடின்றிப் பால் வெட்டும் முறையைக் கண்டு பரப்பினார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பார் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார்.

நெகிரி செம்பிலானில் அதற்கு முன்பே காப்பித் தோட்டங்கள் இருந்தன. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப் பாதை 1891இலேயே திறக்கப்பட்டிருந்தது. பிரேசில் காப்பியின் பெருக்கத்தால் விலை வீழ்ந்தபோது இங்குள்ள தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினர். 1910ஆம் ஆண்டையொட்டி எழுந்த விலையேற்றம் லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் முதலிய வட்டாரங்களில் காடுகளைத் தோட்டங்களாக்கியது. கங்காணி முறையாலும், 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் துணையாலும் தென்னிந்தியத் தொழிலாளர் பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கென லயங்கள் எழுந்தன. லயம் எழுந்த இடத்தில் நாயும் வந்தது.

லயத்து நாய்

தோட்ட நாய்கள் இருவகைப்படும். துரையின் பங்களாவில் வளர்ந்தவை ஒருவகை. லயத்து வாசலில் வளர்ந்தவை மற்றொருவகை. முன்னதற்குத் தனி உணவும் கழுத்துப்பட்டையும் உண்டு. பின்னதற்கு மீந்த சோறும் வாசற்படியும் உண்டு. ஆயினும் பொறுப்பில் பின்னது குறைந்ததன்று. காட்டை ஒட்டிய லயங்களில் பாம்பையும் காட்டுப்பன்றியையும் அறிவித்தது அது. 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில், முள்வேலிக்குள் மக்கள் அடைந்திருந்த இரவுகளில், அதன் குரைப்பு ஓர் அறிவிப்பாகவே இருந்தது.

இத்தகைய நாய்க்குருளையின் பகற்பொழுது எவ்வாறு கழிந்தது என்பதைக் கருதுதல் வேண்டும். பால் மரம் விடியலில்தான் நன்கு சுரக்கும். ஞாயிறு ஏற ஏறப் பால் குறையும். ஆதலால் பெற்றோர் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்குச் சென்று, அங்கிருந்து நிரைக்குச் செல்வர். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்குப் போவர். வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்குப் போவர். நண்பகல்வரை லயம் வெறிச்சோடிக் கிடக்கும். குருளை மட்டும் தனித்திருக்கும். தனித்திருக்கும் குருளை தரையில் கிடப்பதை வாயால் ஆராயும். தோட்டத்துக் குருளைக்கு விளையாட்டுப் பொருளைத் தேர்ந்தவர் எவருமிலர். அதனைத் தேர்ந்தது தரையே.

தரையில் கிடந்தவை

முதலாவது ரப்பர் கொட்டை. ஆண்டின் பிற்பாதியில் காய்கள் வெயிலில் வெடித்துக் கொட்டைகள் தொலைவில் சிதறும். வழவழப்பும் புள்ளியழகும் உடைய அவற்றைத் தோட்டப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடாத நாளில்லை. உள்ளங்கையில் இரண்டை வைத்து அழுத்தி, எதன் ஓடு முதலில் உடைகின்றது எனப் போட்டியிடுவர். பிள்ளைக்கு இது கையால் ஆடும் ஆட்டம். குருளைக்கோ வாயால் ஆடும் ஆட்டம். பச்சைப் பருப்பில் லினமரின் என்னும் பொருள் உண்டு. பருப்பு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு என்னும் நஞ்சு பிறக்கும். ஓடு உடையாத கொட்டையை விழுங்கினாலோ சிறு குடலில் அது அடைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே இரு வழியாலும் அது தீங்கானது.

இரண்டாவது ரப்பர்ப் பால் பந்து. மரத்தில் வெட்டிய கோட்டில் மீந்த பால் காய்ந்து நாடாபோல் உரிந்து வரும். அதனைக் கோட்டுப்பால் என்பர். அந்நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் சுற்றிப் பிள்ளைகள் பந்து செய்தனர். கடையில் வாங்கும் பந்தினும் அது உயரத் துள்ளும். காசில்லாத பிள்ளைகளின் கைத்திறனுக்கு அது நல்ல சான்று. ஆனால் சுற்றிச் செய்த பந்து கடிபட்டால் சுற்று அவிழும். அவிழ்ந்த நாடாவைக் குருளை விழுங்கினால் அது செரிப்பதில்லை. நீண்டு மெலிந்த பொருள் குடலுக்குள் சென்றால், ஒரு முனை ஓரிடத்தில் சிக்கி நிற்க, குடல் அதன்மீது மடிந்து மடிந்து சுருங்கும். சில வேளை அறுபடவும் செய்யும். நூல், கயிறு, நாடா ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் மிகவும் அஞ்சுவதற்குக் காரணம் இதுவே. பிள்ளையின் கையில் பழுதற்ற ஒரு பொருள் குருளையின் வாயில் பழுதுள்ளதாகும் என்பதற்கு இப்பந்தினும் சிறந்த எடுத்துக்காட்டில்லை.

மூன்றாவது மருந்துத் தகரம். லாலாங் புல்லை ஒழிக்க மலாயாத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சு நெடுங்காலம் தெளிக்கப்பட்டது. அதன் உப்புச் சுவையை நாடி மாடுகள் புல்லை நக்கி மடிந்ததுண்டு. 1960களில் பாராக்குவாட் என்னும் களைக்கொல்லி வந்த பின்னர் அதன் பயன்பாடு குறைந்தது. பாராக்குவாட்டோ சிறிதளவு உட்சென்றாலும் நுரையீரலைச் சிதைக்கவல்லது. மலேசிய அரசு அதனை 2002இல் தடை செய்து, 2006இல் தடையை நீக்கி, 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முற்றிலும் விலக்கியது. மருந்து வந்த தகரமும் பீப்பாயும் வெறுமையானபின் லயத்தருகே கிடந்தால், உருண்டோடும் எதனையும் துரத்தும் குருளைக்கு அதுவும் விளையாட்டுப் பொருளே.

நான்காவது அடுக்களைக் கழிவு. சமைத்த கோழியெலும்பு கடித்தால் ஊசிபோல் பிளக்கும். தேங்காய்ச் சிரட்டை பல்லினும் வலியது, பல்லைப் பெயர்க்கும். உடைந்த பீங்கான் மங்கின் சில்லு நாக்கைக் கிழிக்கும். ஐந்தாவது பழைய சிலிப்பர். இதனைப் பெரியோரே கையால் எடுத்துக் கொடுப்பர். பழைய சிலிப்பருக்கும் புதிய செருப்புக்கும் வேற்றுமை காணக் குருளை அறியாது. இன்று கடிக்கக் கொடுத்ததை நாளை கடித்தால் அடிப்பது முறையாகாது.

பல்லின் கணக்கு

இவற்றையெல்லாம் அகற்றிவிட்டால் போதாதோ எனின், போதாது. கடித்தல் குருளையின் குறும்பு அன்று; அதன் வளர்ச்சி. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பாற்பற்கள் முளைக்கத் தொடங்கும். அவை மொத்தம் 28. மூன்று, நான்கு மாதத்திற்குப் பின் அவை விழுந்து, ஏழாம் மாத அளவில் 42 நிலைப்பற்கள் நிரம்பும். இம்மாற்றக் காலத்தில் ஈறு தினவெடுக்கும். கடிக்க ஒன்று கிடைத்தே தீரவேண்டும். தக்கதைக் கொடாவிடின் தகாததை அது தானே தேடிக்கொள்ளும்.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்தில் பல்லாண்டு ஆய்வு நிகழ்த்திய ஸ்காட், புல்லர் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய் பிற உயிர்களோடு உறவுகொள்ளக் கற்கும் காலம் என நிறுவினர். உடன்பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போது, கடி மிகுந்தால் மற்றது கத்தி விலகும், விளையாட்டு நின்றுபோகும். இவ்வாறே கடியின் அளவைக் குருளை கற்கின்றது. தாயிடமிருந்து மிக முற்படப் பிரித்துக் கொண்டுவரப்படும் குட்டி இப்பாடத்தில் பாதியை இழக்கின்றது. எஞ்சிய பாதியை வீட்டார் கற்பித்தல் வேண்டும். பிள்ளையின் கைக்கும் குருளையின் பல்லுக்கும் இடையில் விளையாட்டுப் பொருள் ஒன்று இருந்தால்தான் அப்பாடம் காயமின்றி நடக்கும்.

ரப்பரின் பழைய உருவம் பந்து

ரப்பர் என்றவுடன் வண்டிச் சக்கரமே நினைவில் எழுகின்றது. ஆயினும் மனிதர் அப்பொருளைக் கொண்டு மிகப் பழங்காலத்திலேயே செய்தது பந்தாகும். மெக்சிகோ நாட்டில் எல் மனாட்டி என்னும் சதுப்பு நிலத்தில் கண்டெடுக்கப்பட்ட ரப்பர்ப் பந்துகள் ஏறத்தாழ கி.மு. 1600ஆம் ஆண்டளவின. அந்நாட்டுப் பழங்குடியினர் மரப்பாலோடு ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்து அதற்குத் துள்ளலும் உறுதியும் ஏற்றினர்.

கலவையற்ற பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அதன் நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து, இழுத்தால் நீண்டு விட்டால் மீளும் உறுதி பெறும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் இவ்வுண்மையைக் கண்டு 1844இல் உரிமம் பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹேன்காக் என்பாரும் அதே காலத்தில் உரிமம் பெற்றார். அதன் பின்னரே நெடுநாள் உழைக்கும் பந்து பெருவாரியாகச் செய்யக்கூடியதாயிற்று. 1870களில் புல்தரை டென்னிஸ் ஆட்டம் பரவியது ரப்பர்ப் பந்தின் துள்ளலால் அன்றோ! டன்லப் நிறுவனம் நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்தது. இங்கிலாந்தில் டென்னிஸ் பந்துகளும் செய்தது. இங்கு பாலாக வடிந்தது அங்கே பந்தாக உருண்டது.

டென்னிஸ் பந்து நாய்க்கு உகந்தது என்பது பலர் கருத்து. துரத்தி எடுத்துவர அது ஏற்றதே. இடைவிடாது மெல்லுவதற்கு ஏற்றதன்று. அதன்மேற் கம்பளிப் பரப்பில் மண் படிந்தால் அது அரம்போல் பல்லைத் தேய்க்கும். பெரிய இன நாய்களின் தொண்டையில் பந்து முழுவதுமாகச் சென்று சிக்கக்கூடும். இவ்வாறு மனிதர்க்கெனச் செய்த பொருளையே நெடுங்காலம் நாய்க்கும் கொடுத்து வந்தனர்.

நாயின் பல்லையே கருத்தில் கொண்ட பொருள் பரவலானது 1970களில்தான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பாருடைய நாய் கற்களைக் கடித்துப் பற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பழுது பார்த்துக்கொண்டிருந்த வோக்ஸ்வாகன் வண்டியின் ரப்பர் உறுப்பு ஒன்றை அவர் அதன்முன் எறிய, நாய் கல்லை விட்டு அதனைப் பற்றிக்கொண்டது. அதிலிருந்து பிறந்ததே உள்ளே துளையுடைய, அடுக்குக் கூம்பு வடிவான காங் என்னும் விளையாட்டுப் பொருள். அது இயற்கை ரப்பரால் ஆனது. தோட்டத்து நாய்க்குக் கேடு செய்த மரப்பால், பதப்படுத்தித் தக்க வடிவில் வார்த்தபோது நாய்க்கே காப்பாயிற்று. குற்றம் பொருளில் இல்லை. பக்குவத்திலும் தேர்விலுமே உள்ளது.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து தேர்வுக்குரிய விதிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதல் விதி அளவு. விளையாட்டுப் பொருள் குருளையின் வாய்க்குள் முழுவதும் அடங்கக் கூடாது. கடைவாய்ப் பல்லைக் கடந்து பின்செல்லக் கூடாது. குருளை வாரந்தோறும் வளர்வதால் சென்ற மாதம் தக்கதாயிருந்த பந்து இம்மாதம் தகாததாகலாம். ஆகவே அளவை ஒருமுறை பார்த்து அமைதல் போதாது.

இரண்டாம் விதி மென்மை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதேனும் பதிய வேண்டும். பதியாதது பாற்பல்லுக்கு ஆகாது. சிரட்டை, கல், மாட்டுக்கொம்பு, கெட்டி மரக்கட்டை ஆகியன இவ்விதியால் விலக்கப்படும்.

மூன்றாம் விதி ஒருமை. ஒரே பிழம்பாக வார்க்கப்பட்ட பொருளே நன்று. ஒட்டியது, தைத்தது, சுற்றியது யாவும் பிரியக்கூடியவை. துணிப்பொம்மையின் பொத்தான் கண்ணும், அமுக்கினால் ஒலிக்கும் பொம்மையின் உள்ளே வைத்த ஊதியும் பிரிந்து தொண்டைக்குச் செல்லும். கயிற்றுப் பொம்மையை இழுத்து விளையாடிய பின் எடுத்து வைத்துவிட வேண்டும்.

நான்காம் விதி துளை. உட்குடைவான பந்தில் ஒரு துளை மட்டும் இருந்தால், உள்ளே காற்றிறுகி நாக்கைப் பற்றிக்கொள்ளக்கூடும். காற்றுப் புகும் இன்னொரு துளையும் வேண்டும். உணவை அடைத்துக் கொடுப்பதாயின் வெறுஞ்சோறும் முள்ளற்ற அவித்த மீனும் போதும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பனவாதலால் குழம்புச் சோறு ஆகாது.

ஐந்தாம் விதி ஆய்வு. வெடித்தது, துண்டு பெயர்ந்தது, நூல் பிரிந்தது ஆகியவற்றை அன்றே எறிந்துவிட வேண்டும். சிக்கனம் கருதி வைத்திருந்தால் மருத்துவச் செலவு அதனினும் மிகும். குருளை வாந்தி எடுத்து, உண்ண மறுத்து, வயிறு இறுகி, மலம் கழியாதிருந்தால் காத்திராமல் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தெரிந்தால் அதனைப் பிடித்து இழுத்தல் கூடாது.

ஆறாம் விதி மாற்று. தகாத ஒன்றைக் குருளை கவ்வினால் துரத்திப் பிடுங்கலாகாது. அது துரத்தலையே ஆட்டமாகக் கொள்ளும், அல்லது அஞ்சி விழுங்கிவிடும். தக்க பொருளை நீட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு பொருள்களை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு ஒன்றாக மாற்றிக் கொடுத்தால் புதுமை குன்றாது.

விலை கொடுத்து வாங்க இயலாதார் வருந்த வேண்டுவதில்லை. தடித்த பருத்தித் துண்டை நனைத்து இறுக முடிச்சிட்டுக் குளிரவைத்துக் கொடுத்தால் தினவெடுக்கும் ஈற்றுக்கு இதமாகும். அருகிலிருந்து பார்த்து, நூல் பிரியத் தொடங்கியதும் எடுத்துவிடல் வேண்டும். காகிதப் பெட்டிக்குள் சில உணவு மணிகளை மறைத்து வைத்தால் மோப்ப விளையாட்டாகும். பெட்டியின் இரும்புத் தைப்புகளையும் ஒட்டுநாடாவையும் முன்னரே நீக்கிவிட வேண்டும்.

கடியும் அதன் விலையும்

இத்தனை நுணுக்கம் ஒரு நாய்க்குட்டிக்கு வேண்டுமோ என ஐயுறுவோர் இருக்கலாம். வேண்டும் என்பதற்குத் தோட்ட வரலாறே சான்று. 1952இல் கோலாலம்பூர் வட்டாரத்தில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது, மலாயாவில் நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி இடப்பட்டது. உரிமையாளரற்ற நாய்கள் பெருமளவில் ஒழிக்கப்பட்டன. நோயும் அடங்கியது. இந்நடவடிக்கையை வெல்ஸ் என்பார் 1954இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் விவரித்துள்ளார். தீபகற்பத்தில் நெடுங்காலம் அடங்கியிருந்த அந்நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கிலும் தோன்றியது.

வெறிநோய் பற்றிய அச்சம் நிலவும் இடத்தில், விளையாட்டாகப் பட்ட பல்லும் விளையாட்டாகக் கருதப்படுவதில்லை. பிள்ளையின் கையில் ஒரு கீறல் விழுந்தால் நாயின் உயிருக்கே இறுதி நேரும். அக்கீறலை இட்ட நாய், குருளைப் பருவத்தில் கையையே விளையாட்டுப் பொருளாகக் கொண்டு பழகியதாக இருக்கலாம். அப்பழக்கத்தைத் தோற்றுவித்தவர் மனிதர். அதற்கு விலை கொடுப்பது நாய். விளையாட்டுப் பொருளைத் தேர்தல் பொழுதுபோக்குக் கடன் அன்று. பிள்ளையையும் நாயையும் ஒருங்கே காக்கும் கடன். அதனோடு தடுப்பூசியும் தவறாது இட்டு, கடி பட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு நெடுநேரம் கழுவி உடனே மருத்துவரிடம் செல்லும் பழக்கமும் வேண்டும்.

சட்டமும் இதனை ஏற்றுள்ளது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், விலங்கை வளர்ப்போர் அதன் தேவைகளை நிறைவேற்றுதலைக் கடமையாக்குகின்றது. உணவும் உறையுளும் மட்டுமன்றி, விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் தேவையும் அவற்றுள் ஒன்று. கடித்தலும் மெல்லுதலும் துரத்துதலும் குருளையின் இயல்பான நடத்தை. அவற்றுக்குத் தக்க வழி அமைத்தல் இரக்கச் செயலோடு அமையாது சட்டக் கடமையுமாயிற்று.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் தோற்றம் இன்று மாறிவிட்டது. பால் மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கின்றது. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குச் சென்ற குடும்பங்கள் நாயை உடன் கொண்டு செல்ல இயலவில்லை. ஆளற்ற லயத்து வாசலில் காத்திருந்த நாய்கள் அம்மாற்றத்தின் கணக்கில் எழுதப்படாத இழப்பு. நகரத் தரைவீட்டில் மீண்டும் குருளை வளர்க்கும் குடும்பங்களில், பெற்றோர் இருவரும் பணிக்குச் சென்ற பின் அது தனித்திருக்கின்றது. பெரட்டு மணிக்குப் பதிலாகத் தொழிற்சாலைப் பேருந்து வந்தது. குருளையின் தனிமை மாறவில்லை. தரையில் கிடந்த ரப்பர் கொட்டைக்குப் பதிலாகத் தொலைபேசியின் மின்கம்பியும் நெகிழித் துண்டும் கிடக்கின்றன.

தமிழாசிரியர் மரபியலின் இளமைப் பெயர்களைக் கற்பிக்கும் நாளில், குருளை என்னும் சொல்லோடு நின்றுவிடாது, மாணாக்கர் வீட்டிலுள்ள குருளை எதனைக் கடித்து விளையாடுகின்றது எனக் கேட்கலாம். அப்பொருளின் அளவையும் மென்மையையும் பார்த்து எழுதிவரச் செய்யலாம். நகத்தால் அழுத்தினால் பதிகின்றதா, வாய்க்குள் அடங்குகின்றதா, நூல் பிரிகின்றதா என்னும் மூன்று வினாக்கள் போதும். சொல்லும் பொருளும் ஒருங்கே விளங்கும். ஆய்ந்து தெளியும் பழக்கமும் பிறக்கும். தன்னைவிட எளிய உயிரின் வாய்க்குள் செல்வது யாதெனக் கவலையுறக் கற்ற பிள்ளை, பின்னர்த் தன் தம்பி தங்கையின் கையில் இருப்பதையும் கவனிக்கும்.

கோவிவனுக்குத் தமிழர் கல் நாட்டினர். லயத்து வாசலில் காவல் கிடந்த நாய்களுக்குக் கல் எழவில்லை. அவற்றின் வழிவந்த குருளைகளுக்குப் பழுதற்ற பந்து ஒன்றேனும் கிடைத்தல் வேண்டும்.